பத்தாம் திகதிக்கு முந்திய வாரம்

எம்பிலிப்பிட்டியவில் சோற்றுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் ஊர்க்காரர் சிரிப்பார். பக்கத்திலேயே சந்திரிகா வாவி, கொஞ்சம் தள்ளி உடவளவை நீர்த்தேக்கம். இரண்டும் 1960களில் எழுந்தவை. காடாகக் கிடந்த நிலத்தை நெல்லும் வாழையுமாக மாற்றியவை. நகரத்துப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு வாழைக்குலையும் பூசணியும் கத்தரியும் லொறி லொறியாக வந்து இறங்கும். விலை விழுந்த நாளில் பூசணிக்காய் கேட்பாரற்று அழுகும். இலங்கையில் விளையும் காய்கறியிலும் பழத்திலும் 30 முதல் 40 சதவீதம் சாப்பிடுகிறவர் கைக்குப் போய்ச் சேருமுன்பே வீணாகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கோடி இது. இங்கிருந்து பெல்மதுளைப் பக்கம் ஏறும் வீதியில் பல்லேபெத்தவையும் கொடகவெலவையும் தாண்டி மாதம்பைச் சந்தியில் திரும்பினால் றக்குவானை. அதற்கும் மேலே சூரியகந்தை. வயலும் வெயிலும் பின்தங்கிவிட, தேயிலையும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் வந்துவிடும். எம்பிலிப்பிட்டிய வயலுக்குப் பாயும் வளவை கங்கையே பலாங்கொடைக்கு அப்பாலுள்ள மலைகளில் பிறந்து வருவதுதான். தண்ணீருக்கு மேலிருந்து கீழே வர வழி தெரிந்திருக்கிறது. கீழே விளைந்த சோற்றுக்குத்தான் மேலே ஏற வழியில்லை.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உயரத்தை அளந்து பார்த்தார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் சுமார் 17 சதவீதம். தோட்டங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 32. பொருளாதார நெருக்கடிக்கு ஆறு வருடம் முந்திய கணக்கு இது. அதாவது, நல்ல காலத்துக் கணக்கு.

பிறகு கெட்ட காலமும் வந்தது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் கைவிரித்தது. அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. முந்திய வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு அப்போது கிட்டத்தட்ட இருநூறு. தோட்டத்து நாட்சம்பளமோ 2021இல் போராடி வாங்கிய அதே ஆயிரம் ரூபாய். உலக உணவுத் திட்டமும் ஐ.நா. உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து எடுத்த மதிப்பீட்டில் 2022இல் 63 இலட்சம் பேர் போதிய உணவுக்கு வழியில்லாதவர்கள். மறுவருடம் அது 39 இலட்சமாக இறங்கியது. அப்போதும் மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் தேயிலைத் தோட்டத்து மக்கள்தாம்.

பழைய ஆட்கள் 1973, 74 உணவுப் பஞ்சத்தை இன்னும் சொல்வார்கள். அரிசிக் கூப்பன் குறைந்தது, கோதுமை மாவும் கிடைக்கவில்லை. கிராமத்தில் இருந்தவருக்குக் கொல்லையில் ஒரு மரவள்ளியாவது இருந்தது. லயத்தில் இருந்தவருக்குக் கொல்லையே இல்லை. தோட்டங்களின் இறப்பு வீதம் அந்தக் காலத்தில் ஏறியது அரசாங்கப் பதிவுகளிலேயே இருக்கிறது.

அதே பசி திரும்பிய 2022இல் நாடெங்கும் லயன்ஸ், றோட்டரிக் கழகங்கள் உலர் உணவுப் பொதிகளோடு இறங்கின. றோட்டரி 1905இல் சிக்காகோவில் போல் ஹரிஸ் தொடங்கியது. 1929இலேயே கொழும்புக்கு வந்துவிட்டது. லயன்ஸும் சிக்காகோப் பிறப்புத்தான். மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்புறுதிக்காரர் 1917இல் ஆரம்பித்தார். நூற்றாண்டு கொண்டாடிய காலத்தில் அது உலகம் முழுவதற்கும் ஐந்து பணிகளை வகுத்துக்கொண்டது. நீரிழிவு, கண்பார்வை, சுற்றாடல், சிறுவர் புற்றுநோய் ஆகியவற்றோடு பசியும் அதில் ஒன்று.

எம்பிலிப்பிட்டிய மாதிரியான நகரத்தில் இப்படியொரு கழகத்தில் யார் யார் இருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. அரிசி ஆலைக்காரர், மருந்துக்கடைக்காரர், வங்கி முகாமையாளர், ஓய்வுபெற்ற அதிபர், ஒரு டொக்டர். கூட்டம் மணியடித்துத் தொடங்கும். லயன்ஸில் 'டெயில் ட்விஸ்டர்' என்றொரு பதவி உண்டு. பிந்தி வந்தவர், சின்னம் குத்த மறந்தவர் என்று ஆளாளுக்கு அபராதம் போட்டுச் சிரிக்கவைத்துப் பணம் சேர்ப்பது அவர் வேலை. வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இதெல்லாம் வேடிக்கை. எனக்கு இதில் குறை தெரியவில்லை. சிரித்துப் பேசாத கூட்டத்துக்கு மாதம் இரண்டு தடவை யார் வருவார்?

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பொதி போகிற விதத்தைப் பார்த்தால் தெரியும். ஐந்து கிலோ அரிசி, பருப்பு, சீனி, கோதுமை மா, நெத்தலி, சோயாமீட், ஒரு பொட்டலம் தேயிலை. கொழுந்து கிள்ளுகிறவருக்கே தேயிலை! அதை விடுவோம். பதாகை கட்டி, பேச்சு முடித்து, பெயர் கூப்பிட்டுக் கொடுக்கும்போது பகல் பதினொரு மணி. மலைக்குப் போயிருக்க வேண்டிய பெண் அங்கே வரிசையில் நிற்கிறாள். கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான். இலவசப் பொதிக்கு அரைநாள் சம்பளம் விலை.

நாளும் பொருந்துவதில்லை. தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டி, முற்பணம் இருபத்தைந்தை ஒட்டி. அந்த முற்பணமும் கடைக் கடனுக்கும் அடகு வட்டிக்கும் போய்விட, மாதத்தின் முதல் வாரம்தான் லயத்தில் மிகவும் இறுகிய வாரம். கடைக்காரர் கொப்பியை மூடிவிடுவார். காலையில் ரொட்டியும் சம்பலும், மத்தியானமும் அதே ரொட்டி, இரவுக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் சோறு. தேங்காய் விலை ஏறினால் சம்பலும் போய், சாயத்தண்ணியில் தோய்த்த ரொட்டி. கழகங்களின் பொதியோ வெசாக்குக்கு வரும், தீபாவளிக்கு வரும், கழகத்து ஆளுநர் வருகையன்று வரும். ஐந்தாம் திகதிக்கு வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

இதற்குக் கெட்ட எண்ணம் காரணமில்லை, நாட்காட்டிதான் காரணம். லயன்ஸிலும் சரி றோட்டரியிலும் சரி வருடம் ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். தலைவரும் அதோடு மாறுவார். புதியவருக்குத் தன் பெயரில் ஒரு திட்டம் வேண்டும். முன்னவர் தொடங்கிய பால்மாத் திட்டம் அடுத்த வருடம் மரநடுகையாகும், அதற்கடுத்த வருடம் மூக்குக் கண்ணாடியாகும். பிள்ளை வளர்வது இப்படி வருடக் கணக்கில் நிறுத்தி நிறுத்தியா?

பொதிக்குப் பதிலாகச் சமைத்தே போடலாம். அதற்கு இந்த நாட்டில் பயிற்சி தேவையே இல்லை. வெசாக், பொசன் காலத்தில் எம்பிலிப்பிட்டிய வீதியிலும் பையன்கள் கொடியை அசைத்து பஸ்ஸை மறித்துச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். தன்சல் போடுகிற இளைஞர் குழுவுக்கு ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்கத் தெரியும். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா அன்னதானத்துக்கு வைத்த கிடாரமும் அகப்பையும் மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கின்றன. 2022இல் ராஜகிரியவில் ஒரு தேவாலயத்தில் தொடங்கிய சமுதாயச் சமையலறை இப்படிச் சமைத்துப் போடுவதைத்தான் செய்தது. பலாக்காயை மட்டும் தின்று நாளைக் கடத்திய ஒரு தாயைக் கண்டதுதான் அதன் தொடக்கம்.

பலா என்றதும் ஆர்தர் வி. டயஸ் நினைவுக்கு வருகிறார். பாணந்துறைக்காரர், மதுவிலக்குக்காகப் பாடுபட்டவர், 1915 கலவரக் காலத்தில் சிறை போனவர். பஞ்சம் வரும் என்று பயந்து பத்து இலட்சம் பலாக்கன்று நடும் இயக்கம் நடத்தினார். சிங்கள மக்கள் அவரை 'கொஸ் மாமா' என்றே அழைத்தார்கள். அவர் நட வைத்த மரங்களுக்கு ஜூன் 30 தெரியாது.

எம்பிலிப்பிட்டியக் கழகக்காரர்களுக்குச் செய்யச் சுலபமான காரியம் ஒன்று இருக்கிறது. பொருளாதார மத்திய நிலையத்து முதலாளிகளை அவர்களுக்கு நேரில் தெரியும். சில சமயம் அவர்களே இவர்கள். சாயங்காலம் விற்காமல் மிஞ்சும் பூசணியையும் வாழைக்காயையும், ஆலைக்காரர் கொடுக்கும் குறுணல் அரிசியையும் மாதத்தில் ஒரே ஒரு வாரம், முதலாம் திகதியிலிருந்து பத்தாம் திகதிக்குள், றக்குவானைப் பக்கம் ஏற்றி விட்டால் போதும். பதாகை வேண்டாம். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவிலேயே கிடாரத்தை ஏற்றிச் சமைத்துவிட்டால், கொழுந்துக்குப் போன தாய் வரிசையில் நிற்கவும் வேண்டியதில்லை. நகரத்துப் பாடசாலைகளில் லயன்ஸின் இளையோர் பிரிவான லியோ கழகப் பிள்ளைகள் இருந்தால் மூட்டை கட்ட அவர்கள் வருவார்கள்.

செலவு என்று பார்த்தால் டீசல்தான். அதை டெயில் ட்விஸ்டர் அபராதமாகவே வசூலித்துவிடலாம். சிக்கல் லொறி. தேயிலைத் தூளோ பலகையோ ஏற்ற மேலே வெறுமையாகப் போகிற லொறி எது என்று சந்தையில் விசாரித்தால் சொல்வார்கள். ஜூலையில் பதவியேற்கிற தலைவர் வாழ்த்துரை எழுதுமுன் அந்தச் சாரதியின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, அடுத்த வருடத்துத் தலைவருக்கும் சேர்த்துக் கழகக் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும்.