கிளை விடும் பாடம்



"பத்துப் பக்கம் படிச்சேன் தாத்தா. புத்தகத்தை மூடினா ஒண்ணுமே ஞாபகம் வரலை!"

பண்ணைப்புரத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கண் கலங்கி நின்றாள். மறுநாள் வகுப்பில் முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி அவள் பேச வேண்டும். உங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா? அப்படியானால் இதைப் படியுங்கள்.

அவளை என் வீட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தேன். அதில் 'ஃப்ரீபிளேன்' என்ற மென்பொருள் இருக்கிறது. இலவசமானது. தமிழிலேயே எழுதலாம். திரையின் நடுவில் 'முல்லைப் பெரியாறு அணை' என்று எழுதச் சொன்னேன். பிறகு 'டேப்' விசையைத் தட்டினால் ஒரு கிளை முளைக்கும். 'என்டர்' தட்டினால் பக்கத்தில் இன்னொரு கிளை!

"புத்தகத்தைப் பார்க்காதே. தெரிந்ததை மட்டும் எழுது" என்றேன்.

'கட்டியவர்' என்று ஒரு கிளை. அதில் 'பென்னி குவிக்', '1895'. 'நெல்' என்று ஒரு கிளை. 'மின்சாரம்' என்று ஒரு கிளை. 'சுரங்கம்' என்று இன்னொன்று. அவ்வளவுதான், நின்றுவிட்டாள்.

"சுரங்கம் எதற்கு?" என்று கேட்டேன்.

யோசித்தாள். மேற்கே போகும் பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அந்தத் தண்ணீர் குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப்பில் மின்சாரம் தருகிறது. பிறகு கம்பம் பள்ளத்தாக்கு வயல்களுக்குப் பாய்கிறது. சட்டென்று மவுஸைப் பிடித்தாள். 'மின்சாரம்', 'நெல்' இரண்டையும் இழுத்து 'சுரங்கம்' கிளையில் சேர்த்தாள்.

"ஒரே தண்ணீர்தான் தாத்தா ரெண்டு வேலையும் செய்யுது!"

இனி அது மறக்குமா?

இதற்குப் பெயர் மனவரைபடம். இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி புஸான் 1970களில் இதைப் பரப்பினார். நம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் 2000களின் பிற்பகுதியில் 'படைப்பாற்றல் கல்வி' வந்தபோது, பாடத்தைப் படித்ததும் மாணவர்கள் மனவரைபடம் வரைந்தார்கள்.

அப்போது நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். நேரம் போதவில்லை என்று கரும்பலகையில் நானே வரைந்து போட்டேன். பிள்ளைகள் அழகாகப் பார்த்து எழுதினார்கள். எல்லா நோட்டிலும் ஒரே படம்! மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. யோசித்தது நான் மட்டும்தானே?

இன்றைக்குக் கம்ப்யூட்டரே முழுப் படத்தையும் வரைந்து கொடுத்துவிடும். அதை அப்படியே வாங்கிக்கொண்டால் என் கரும்பலகைக் கதைதான். கிளைகளை எளிதாக நகர்த்தலாம், அழிக்கலாம், மாற்றலாம் என்பதற்குத்தான் கம்ப்யூட்டர். எதை எதோடு சேர்ப்பது என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள்

* பாடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள்.
* தலைப்பை நடுவில் எழுதுங்கள். ஒரு கிளைக்கு ஓரிரு சொல் போதும்.
* எந்தக் கிளைக்கும் எந்தக் கிளைக்கும் உறவு என்று தேடி இணையுங்கள்.
* கடைசியில் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிறத்தில் சேருங்கள். அதுதான் நீங்கள் மீண்டும் படிக்க வேண்டிய பகுதி.

கம்ப்யூட்டர் இல்லையா? கவலை வேண்டாம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கமும் ஒரு பென்சிலும் போதும். கிளையை மாற்ற ரப்பர் இருக்கிறதே!

மறுநாள் அந்தச் சிறுமி தாளைப் பார்க்காமலே வகுப்பில் பேசிவிட்டாளாம். இன்று மாலை உங்கள் பாடம் எது? முதல் கிளையை வரையுங்கள்!