கொத்துக் கணக்கும் ரூபாக் கணக்கும்

மன்னார்த் தீவின் மணலில் நெல் விளையாது. சோற்றுக்கான அரிசி பாலத்துக்கு அப்பால், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் முருங்கன், நானாட்டான் பக்கத்து வயல்களிலிருந்துதான் வரவேண்டும். தீவுக்குச் சொந்தமாக இருந்தவை கடலும் பனையும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, கையில் காசு புழங்காத வீடுகளிலும் ஏழெட்டு வயிறுகள் நிறைந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அதே வீடுகளுக்குக் காசு வருகிறது. ஆனாலும் மாதத்தின் இருபதாம் திகதிக்குப் பிறகு அடுப்பு தடுமாறுகிறது. இதைப் புரிந்துகொள்ள, சாப்பாடு எந்த அளவையால் அளக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

அன்று

பேசாலையிலோ தலைமன்னாரிலோ தொழிலுக்குப் போனவர், பிடிபட்ட பாட்டைப் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கணக்கில் கொடுத்துவிட்டு வந்தாலும், கறிக்கென்று ஒரு கோர்வை மீனோடுதான் வீட்டுப் படலையைத் திறப்பார். கரைவலைக் கயிற்றில் கை வைத்த பிள்ளைகளுக்கும் ஒரு பிடி கிடைக்கும். வாடைக் காற்றில் வடகடல் குழம்பினால் தென்கடல் இருந்தது. சோளகத்தில் தென்கடல் பொங்கினால் வடகடல் இருந்தது. சூடை மிஞ்சினால் உப்பிலிட்டுக் காயவைத்துக் கருவாடாக்கினார்கள். தொழில் படுத்த நாட்களில் சோற்றுக்கு அந்தக் கருவாடே துணை.

பனையும் அப்படித்தான். விழுந்த பழத்தைப் பினைந்து பனாட்டு. மிஞ்சிய கொட்டையைப் பாத்தியில் புதைத்தால் சில மாதத்தில் கிழங்கு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இரண்டும் பானையில் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும்.

ஒரு நாள் கூழ் காய்ச்சுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அந்தச் சிக்கனத்தின் சூட்சுமம் தெரியும். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்துக் கசப்பை எடுப்பார்கள். பெரிய பானையில் ஒரு பிடி அரிசி, மரவள்ளித் துண்டுகள், பயற்றங்காய், பலாக்கொட்டை. அவை வேகும்போது மீன் தலைகள், விற்க முடியாத சின்ன நண்டு, நாலைந்து இறால். கடைசியில் கரைத்த மா, புளி, அரைத்த மிளகாய், வேலியோரத்து முருங்கையிலை. சந்தையில் விலை போகாதவை எல்லாம் ஒரே பானைக்குள் போய்ச் சேரும். பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடித்தால் வீடு முழுவதற்கும் ஒரு நேரம் கழிந்துவிடும். இன்று விருந்தினருக்கென்று காசு செலவழித்துக் காய்ச்சும் கூழ், அன்று காசில்லாத நாளின் சாப்பாடு.

அரிசியைக் கூட்டுறவுச் சங்கக்கடை பார்த்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய பங்கீடு, போர் முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. கூப்பன் அரிசி என்றே எல்லோரும் சொன்னார்கள். 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை அரசாங்கம் 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றியபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது. இரண்டு மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஏழையின் சோற்றில் கை வைத்தால் ஆட்சி ஆடும் என்று ஆள்பவர்கள் அறிந்திருந்த காலம் அது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. 1970களின் முற்பகுதியில் பங்கீடு குறைந்து, பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நின்றார்கள். மரவள்ளிக் கிழங்கே பல நாள் சாப்பாடு. சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணம் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. பானையில் மிஞ்சியதைக் கடைசியாக வழித்துச் சாப்பிட்டவள் எப்போதும் தாய்தான். குடும்பச் சிக்கனம் என்று நாம் புகழ்வதில் பாதி, அவளுடைய வயிற்றிலிருந்து எடுத்தது.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கறிமீன் பங்காக வந்தது. பனை நிலத்திலிருந்து வந்தது. அரிசி கொத்துக் கணக்கில் வந்தது. விலைவாசி ஏறினாலும் ஒரு கோர்வை மீன் ஒரு கோர்வைதான்; ஒரு கொத்து ஒரு கொத்துதான்.

இடையில்

1979இல் பங்கீடு போய் உணவு முத்திரை வந்தது. அரிசிக்குப் பதிலாக, இத்தனை ரூபா பெறுமதி என்று அச்சிட்ட தாள். அந்த எண் அப்படியே நிற்க, விலைகள் மட்டும் ஏறின. சில ஆண்டுகளிலேயே முத்திரையின் வாங்கும் சக்தி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நிவாரணத்தை அரிசியில் அளப்பதற்கும் ரூபாவில் அளப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஏழை வீடுகள் அப்போதே படித்துவிட்டன.

பிறகு யுத்தம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி மக்கள் கடலையும் தோணியையும் வளவையும் விட்டுவிட்டுப் புத்தளத்து முகாம்களுக்குப் போனார்கள். இக்கரையில் கடற்கட்டுப்பாடும் இடப்பெயர்வும் தமிழ்க் குடும்பங்களைக் கடலிலிருந்து பிரித்தன. ஒரு தலைமுறை நிவாரண அட்டைக்குக் கிடைத்த அரிசி, மா, பருப்பில் வளர்ந்தது. கோதுமை மா அடுக்களையில் நிரந்தர இடம் பிடித்தது. பாத்தி போட ஆளில்லாத வளவுகளில் பனங்கொட்டை கவனிப்பாரற்றுக் கிடந்தது.

இன்று

கடலுக்குப் போவதே இப்போது காசுக் கணக்கு. சின்னப் படகின் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. 2022 ஓகஸ்ட்டில் அதன் விலை ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. போனாலும் பாடு நிச்சயமில்லை. அடிமட்ட இழுவை வலையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது; ஆனாலும் இந்திய றோலர்கள் வடகடலைத் தொடர்ந்து வாருகின்றன; அறுந்த வலைக்கு யாரும் ஈடு தருவதில்லை. கிடைக்கும் நல்ல மீன் ஐஸ் பெட்டியில் கொழும்புக்கு ஏறுகிறது. நண்டும் கடலட்டையும் வெளிநாட்டுக்குப் போகின்றன. நண்டுச் சதை எடுக்கும் வேலைக்குப் போகிற பெண், திரும்பும் வழியில் கடையில் பருப்பு வாங்குகிறாள். "அண்ணை, கொப்பியில எழுதிவிடுங்கோ, திங்கக்கிழமை தாறன்" என்று சொல்லித்தான் பல நாள் அந்தப் பருப்பும் வருகிறது.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது ஒரு வருடத்தில் சாப்பாட்டுச் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதே ஆண்டு மார்ச் 22ஆம் திகதி, குழந்தைகளோடு 16 பேர் இரண்டு படகுகளில் தனுஷ்கோடிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். யுத்தத்துக்குத் தப்பி ஓடிய அதே கடல்வழியில், இம்முறை விலைவாசிக்குத் தப்பி ஓடினார்கள். நெருக்கடி தணிந்த பிறகும் விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. 2025இன் தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்டது. சொதியும் சம்பலும் இல்லாமல் எங்கள் இடியப்பம் இறங்காது என்பதால், அந்த விலையை ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு நேரமும் உணர்ந்தது.

நிவாரணம் இப்போது அஸ்வெசும. 2023இல் தொடங்கிய இத்திட்டத்தில் மிக வறிய குடும்பத்துக்கு 2025 முதல் மாதம் அதிகபட்சம் 17,500 ரூபா. அரசாங்கத்தின் புள்ளிவிபரத் திணைக்களமே, ஓர் ஆளின் அடிப்படைத் தேவைக்கு 2024இல் மாதம் 16,000 ரூபாவுக்கு மேல் வேண்டும் என்று கணக்கிட்டது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கான உதவி, ஒருவருக்கான வறுமைக்கோட்டைச் சற்றே தாண்டுகிறது. மீதியைத் தாய் எங்கே தேடுவாள்? மாவும் பாணும் உருளைக்கிழங்கும் வயிற்றை நிரப்பும். வளரும் பிள்ளையின் உடம்புக்கு வேண்டியதைத் தராது.

கைப்பக்குவம் இன்னும் சாகவில்லை. முள்ளோடு மெல்லக்கூடிய சூடை, கோழியைவிட மலிவான நல்ல சாப்பாடு. புளி, மிளகாய்த்தூள் போட்டு வற்றவைத்தால் மறுநாள் பாணுக்கும் ஆகும். முருங்கையிலைச் சுண்டலுக்கு வேலியைத் தாண்ட வேண்டியதில்லை. ஒடியல் மாவை மீண்டும் கிழமைக்கு ஒரு நாளாவது அடுப்பில் ஏற்றலாம். இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆனால் சிக்கனத்தைத் தாயின் தலையில் மட்டும் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கக் கூடாது. அஸ்வெசும தொகை உணவு விலையோடு சேர்ந்து ஏற வேண்டும். 1979இன் பாடம் அதுதான். சின்னப் படகுக்கு மானிய எண்ணெய் நிரந்தரமாக வேண்டும். தீவின் பள்ளிக்கூடங்களில் கொடுக்கும் மதிய உணவில் தீவின் மீனே இருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் கரையிலேயே வாங்கிக் கொடுத்தால் மீனவருக்கும் பிள்ளைக்கும் ஒருசேரப் பலன். பங்கு கேட்காமலே கிடைத்த காலம் போய்விட்டது. தன் கரையில் இறங்கும் மீனில் தன் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு வேண்டும் என்று மன்னார் இனிக் கேட்டு வாங்க வேண்டும்.