தண்டால்: உடம்பில் எது முதலில் மாறும்?

தண்டால் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது காமா பயில்வான்தான். அறுபதைத் தாண்டியவர்களுக்கும் அதில் வேலை உண்டு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். ஷாதிபூரில் பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் பெரியவர்களில் பலருக்குத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் அலுவலகம் போனபின் அந்தக் கை ஏது?

ரயில்வேயில் 60 வயதில் ஓய்வு பெற்றதும் தொடங்கினேன். இது ஏழாம் ஆண்டு. தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 70 கிலோ ஆளுக்கு 45 கிலோவுக்கு மேல்! ஆகவே நான் தொடங்கியது சுவரில் கையூன்றி. பிறகு மேசை விளிம்பு, அதன் பிறகே தரை.

முதல் மூன்று நான்கு வாரங்களில் எண்ணிக்கை கூடும், கை மட்டும் பருக்காது. காரணம், அப்போது தேறுவது பெரும்பாலும் நரம்பு. இருக்கிற தசைநார்களில் அதிகமானவற்றை ஒரே நேரத்தில் வேலைக்கு அழைக்க மூளை பழகுகிறது. புதிதாக ஆள் எடுக்காமல், இருக்கிற கேங்மேன்களையே ஒரே மூச்சில் கடப்பாரை போட வைப்பது போல. பலர் "ஒன்றும் தெரியவில்லையே" என்று விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

இரண்டு மாதம் போலக் கழிந்த பிறகே நெஞ்சு, தோளின் முன்புறம், மேல்கையின் பின்புறம் ஆகியவற்றில் தசை தடிப்பது கண்ணுக்குத் தெரியும். என் சட்டை தோளில் இறுகுவதை முதலில் கவனித்தது என் மனைவி.

தசையை எலும்போடு கட்டும் நாண்கள் இன்னும் மெதுவாகத்தான் உறுதிப்படும், மாதக்கணக்காகும். இளைஞர்களுக்குத் தோள்வலி வருவது பெரும்பாலும் இங்கேதான்: தசை தயார், நாண் தயாராகவில்லை. ஜல்லி சலித்துப் போட்ட பாதையில் முதல் நாளே எக்ஸ்பிரஸை முழு வேகத்தில் விடமாட்டோம். வேகக் கட்டுப்பாடு போட்டு, பாதை இறுக இறுகப் படிப்படியாகத்தான் கூட்டுவோம். எலும்பும் சுமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இலேயே இதைச் சொன்னார். நம் வயதில் எலும்பு கூடாவிட்டாலும் குறையாமல் இருந்தாலே லாபம்.

வயதாகிவிட்டதே என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990-இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் கால்வலு சராசரியாக இரு மடங்குக்கும் மேலாயிற்று. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் 1,104 பேரைப் பத்தாண்டு கவனித்த ஆய்வு 2019-இல் வந்தது. 40-க்கு மேல் தண்டால் எடுத்தவர்களுக்கு, 10-க்குக் குறைவாக எடுத்தவர்களைவிட இதயநோய் மிகக் குறைவு. தண்டால்தான் காத்தது என்று இதற்குப் பொருளல்ல; பொதுவாக உடல்நலம் உள்ளவரே அதிகம் எடுக்கவும் முடிந்திருக்கலாம்.

தொப்பை தண்டாலால் மட்டும் கரையாது. தள்ளும் தசைகளே வளர்ந்து முதுகு பின்தங்கினால் தோள் முன்னால் வளையும். அதனால் கிணற்றில் நீர் இறைப்பது போன்ற இழுக்கும் பயிற்சியும் வேண்டும். தரையிலிருந்து எழ, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி கால்களுக்கு அவசியம்.

எடுக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், இரத்த அழுத்தம் ஏறும். இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்கலாம். இங்கே மே, ஜூனில் ஐந்து மணிக்கே விடிந்துவிடுகிறது. புழுக்கம் ஏறுமுன் முடித்துக் குளித்துவிடலாம், குழாயில் தண்ணீர் வந்தால்!