நாலு சுற்று... அதே 71 கிலோ!

எனக்கு வயது 38. பத்தாம் வகுப்பு வரை படித்த இல்லத்தரசி. வாக்கிங் போய்ப் போய் அலுத்து, "நமக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று ஷூவைத் தூக்கிப் பரணில் போட்ட சகோதரிகளுக்காகவே இதை எழுதுகிறேன். ஏனென்றால் நானும் போட்டவள்தான்.

எங்கம்மாவுக்குச் சர்க்கரை. கால் பெருவிரலில் வந்த சின்னப் புண், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆகிவிட்டது. 54 வயதில் போய்விட்டார்கள். போன வருஷம் எனக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தபோது மூன்று மாதச் சராசரி 6.3 என்று வந்தது. "இன்னும் சர்க்கரை வியாதி இல்லை, வாசல்ல நிக்கிறீங்க. உடம்பைக் குறைங்க" என்றார் டாக்டர். அப்போது என் எடை 76 கிலோ.

மறுநாளே வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே வரும். தினமும் சாயங்காலம் நாலு சுற்று. மூன்றே மாதத்தில் 5 கிலோ குறைந்தது. பூரித்துப் போனேன்! ஆனால் அதற்கப்புறம் ஊசி 71-லேயே நின்றுவிட்டது. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம்... மழையிலும் குடை பிடித்துக்கொண்டு நடந்தேன். அதே 71. "மெஷின் ரிப்பேரா இருக்கும், இல்லேன்னா நீ ரிப்பேரு" என்று என் வீட்டுக்காரர் கிண்டலடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் கால்தான் கண் முன்னால் வந்தது. என்ன செய்தாலும் விதி இதுதான் போல என்று 12 நாள் நடக்கவே போகவில்லை.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது கை பலவீனமாக இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி செய்கிற பெண் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்துப் போவாள். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து, "என்னக்கா, வாக்கிங் போகலையா?" என்றாள். கொட்டித் தீர்த்துவிட்டேன்.

"அக்கா, பாட்டி முதல்ல எதைத் தூக்கினாங்க?"

"காலி பாட்டிலை."

"இப்ப?"

"அரை பாட்டில் தண்ணியோட தூக்குறாங்க."

"காலி பாட்டிலையே ஆறு மாசம் தூக்கச் சொல்லியிருந்தா கை இவ்வளவு தேறியிருக்குமா? நீங்க ஆறு மாசமா காலி பாட்டிலையேதான் தூக்கிட்டிருக்கீங்க!"

எனக்குச் சுருக்கென்றது. அவளே விளக்கினாள். ஒரே வேலையைத் தினமும் செய்தால் உடம்பு பழகிக்கொண்டு சிக்கனமாகச் செய்துவிடுமாம். அதோடு, 5 கிலோ குறைந்த உடம்பைச் சுமந்து நடக்க முன்னைவிடக் குறைந்த தெம்பே போதுமாம். அதாவது, அதே நாலு சுற்றுக்கு இப்போது செலவு கம்மி. வாரம் 150 நிமிஷம் வேக நடையோடு, 2 நாளாவது தசைக்கு வேலை தருகிற பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறதாம். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்வது தசைதானாம்.

சுற்றைக் கூட்டவில்லை, மாற்றினேன். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை பேச முடியாத வேகம், அதற்கடுத்த கம்பம் வரை சாதாரண நடை. வாரத்தில் 3 நாள் வீட்டிலேயே நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, முதலில் 10 தடவை, பிறகு 15, அப்புறம் 20. சுவரில் கை வைத்துத் தள்ளுவது. இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தூக்குவது. காசு செலவே இல்லை! (மூட்டு வலி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.)

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நடந்து முடித்ததும் தோழிகளோடு ஆளுக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால் குடிப்போம். எடை குறைந்த சந்தோஷத்தில் தொடங்கிய பழக்கம். அதில் எவ்வளவு வெல்லம் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் மீதம் வைத்த தோசை வேறு, வீணாகுமே என்று என் வயிற்றுக்குள் போகும். இப்போது பருத்திப்பால் ஞாயிற்றுக்கிழமை மட்டும். தோசை மாவைக் குறைத்தே ஊற்றுகிறேன்.

மூன்று மாதமாயிற்று. எடை 69தான். முன்னே என்றால் அழுதிருப்பேன். ஆனால் ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்கும்படி ஆகிவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. சர்க்கரைச் சராசரி 5.8. "எடை குறையாத மாசத்துலயும் நடை உள்ளே வேலை செஞ்சுக்கிட்டுதான் இருக்கும்மா, நிறுத்தினதுதான் தப்பு" என்றார் டாக்டர்.

இப்போது மாமியாரும் நானும் திண்ணையில் உட்கார்ந்து சேர்ந்தே பாட்டில் தூக்குகிறோம். நேற்று அவர்கள், "ஏத்தா, என் பாட்டில்ல இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்து" என்றார்கள்.

– ஒரு வாசகி, மதுரை.