கறிவேப்பிலைக் கன்றும் காட்டுச் சருகும்

வானொலியில் காலை நேரம் முழுக்கப் பேசுவதுதான் என் பிழைப்பு. ஆனால் வீட்டில், அதுவும் செடி விஷயத்தில், அம்மாவிடம் என் பேச்சு எடுபடாது.

அப்பா போன பிறகு, தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா எங்களோடு தாமானுக்கு வந்தார். வரும்போது பால் டின்களில் மூன்று கறிவேப்பிலைக் கன்றுகளையும் கொண்டுவந்தார். மூன்றும் அப்பா நட்ட மரத்தின் வேரிலிருந்து முளைத்தவை. லயத்தை இடித்தபோது அந்த மரமும் போய்விட்டது.

பின்வாசல் செம்மண்ணில் நட்டதில் இரண்டு கருகிவிட்டன. மூன்றாவது கன்றின் தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. “என் கைராசியே போச்சும்மா” என்றார் அம்மா. எதை நட்டாலும் தழைக்க வைத்தவர் அப்படிச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

கைப்பேசியில் எடுத்த படத்தைச் செடி விற்கும் கடைக்காரரிடம் காட்டினேன். “இரும்புச்சத்து பத்தல” என்றார். செம்மண்ணின் சிவப்பே இரும்புத் துருவின் நிறம்தானே! இரும்பின் மேல் நின்றுகொண்டு ஒரு செடி இரும்புக்கு ஏங்குமா?

ஏங்கும். துருவாகிவிட்ட இரும்பு நீரில் எளிதில் கரையாது. கரையாததை வேர் உறிஞ்ச முடியாது. வீடு கட்டியபோது மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். சுவரோரம் புதைந்து கிடந்த சிமெண்டுக் கழிவு மண்ணைக் காரமாக்கியிருந்தது. கார மண்ணில் இரும்பு இன்னும் இறுகிப்போகும்.

நண்டின் கொடுக்கு

அப்படியென்றால் காட்டு மரங்கள் எப்படிச் செழிக்கின்றன? கெப்போங்கில் உள்ள ஃப்ரிம் வனப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். 1920களில் ஈயச் சுரங்கத்தாலும் காய்கறிப் பயிராலும் மொட்டையாகக் கிடந்த நிலம் அது. மனிதர்கள் நட்டு வளர்த்த அந்தக் காடு 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. அங்கே காலடியில் கிடக்கும் சருகை விலக்கினால் கறுத்த மக்கு தெரியும். சங்கதி அந்த மக்கில்தான் இருக்கிறது.

மக்கிய இலையின் கரிமப் பொருள்களில் எதிர் மின்னூட்டம் கொண்ட முனைகள் உண்டு. இரும்பு, செம்பு, அலுமினிய அயனிகளுக்கு நேர் மின்னூட்டம். இரண்டு மூன்று முனைகள் சேர்ந்து ஓர் அயனியைக் கவ்விக்கொள்ளும். இப்படி உருவாகும் சேர்மத்துக்குக் ‘கீலேட்’ என்று பெயர். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. கொடுக்கில் சிக்கிய இரும்பில் ஒரு பகுதி கரைந்த நிலையிலேயே இருப்பதால் வேர்வரை வந்து சேர்கிறது.

அந்தக் கொடுக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. நம் வெப்பமண்டலக் காட்டு மண் பெரும்பாலும் புளிப்பு மண். அதில் கரையும் அலுமினியம் வேர்நுனியை வளரவிடாது. மக்கு அந்த அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டு நச்சைத் தணிக்கிறது. பதிலுக்கு, உலோகத்தோடு பிணைந்த மக்கை நுண்ணுயிர்கள் சீக்கிரம் தின்று தீர்த்துவிட முடியாது. காட்டை அழித்து மேல்மண் மழையில் அரித்துப்போனால் இந்தக் காவலும் போய்விடும்.

பிடி இறுகினால்

இந்தப் பிடிப்பை வீட்டிலேயே பார்க்கலாம். பால் சேர்க்காத கடுந்தேநீரில் ஓர் இரும்பு ஆணியை இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். காலையில் மை போலக் கறுத்திருக்கும். தேயிலையின் டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டதன் அடையாளம் அது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள் என்று கிளினிக்கில் சொல்வதும் இதனால்தான்.

மண்ணிலும் பிடி இறுகினால் சிக்கல்தான். மலாயில் ‘தானா கம்புட்’ என்கிறோமே, அந்தச் சதுப்புக் காட்டு மண் கிட்டத்தட்ட முழுக்க மக்கிய மரமும் இலையும்தான். அது செம்பை லேசில் விடாது. அங்கே நட்ட செம்பனைகளின் நடு மட்டைகள் மஞ்சளானதற்குச் செம்புக் குறைவே காரணம். அதனால் செம்புச்சத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் சிமெண்டுக் கழிவைத் தோண்டி எடுத்துவிட்டு, மக்கிய இலையை மண்ணோடு கலந்து நிரப்பினோம். மேலே சருகைப் பரப்பினோம். பக்கத்து வீட்டார் கறுப்புப் பையில் கட்டி வைத்த இலைகளைக்கூட நான் கேட்டு வாங்கி வந்தேன். அம்மாவுக்குச் சிரிப்பு. “பால்மரக் காட்டுல எல உதிர்ந்தா யாருடி கூட்டினா? அப்படியே கிடந்து மண்ணாயிடும். இங்கதான் குப்பைன்னு கட்டிப் போடுறீங்க.”

வெளிறிய பழைய இலைகள் அப்படியேதான் இருந்தன. மூன்றாம் மாதம் வந்த தளிர் மட்டும் பச்சையாக வந்தது. ரசத்துக்கு ஓர் ஈர்க்கு கிள்ளப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டார்.

“கடையில வாங்கிக்க. இது இன்னும் கொஞ்சம் வளரட்டும்.”