முதிய குரல்களின் புதிய பாட்டு

எண்பது வயதை எட்டிய ஒருவர் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறினால், "இந்த வயதில் இவருக்கு இது வேண்டுமா?" என்று கேளாதவர் நம் இல்லங்களில் அரியர். ராக் இசையோ இளைஞர்களின் இசையாகவே பிறந்தது. பெற்றோரை எதிர்த்துப் பாடிப் புகழ்பெற்றவர்கள், காலக்கிரமத்தில் தாமே பாட்டனார்களாகிவிட்டனர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகர் 2014-ஆம் ஆண்டிலேயே கொள்ளுத் தாத்தாவாகிவிட்டார். இவர்கள் இன்று புதிதாக இயற்றும் பாட்டுக்களுக்கு ஏதேனும் மதிப்பு உண்டா, அன்றிப் பழைய புகழுக்கு வாங்கும் வட்டிதானா என்பதே கேள்வி.

2003-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அக்குழுவினர் பெங்களூரிலும் மும்பையிலும் கச்சேரி செய்தனர். அவ்விரு நகரங்களிலும் வாழும் நம்மவர் சிலருக்கு அது நினைவிருக்கலாம். ஜாகருக்கு அப்போது வயது 59. அதற்கு முந்தின ஆண்டில் வெளிவந்த 'ஃபார்ட்டி லிக்ஸ்' தொகுதியில் பழம்பாட்டுக்களோடு நான்கு புதிய பாட்டுக்களையும் சேர்த்திருந்தார்கள். இன்று அந்நான்கின் பெயரைச் சொல்லக்கூடிய ரசிகர் எத்தனை பேர் இருப்பர்? ஆனால் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' என்றால் அனைவருக்கும் தெரியும். அது 1965-இல் வெளிவந்தபோது ஜாகருக்கு வயது 21.

நமது கர்நாடக இசையில் இச்சங்கடம் இல்லை. வித்துவான் முதிர்ந்தால் ஞானம் கனிந்தது என்கிறோம். செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறை ஒட்டிய வயதிலும் பாடினார். குரல் ஒத்துழையாத இடங்களைச் சபையோர் தம் மனத்தாலேயே நிரப்பிக்கொண்டனர். அவரிடம் புதுக் கீர்த்தனை வேண்டுமென்று எவரும் கேட்டதில்லை. தியாகராஜரின் கிருதியை அன்று அவர் எவ்வாறு பாடுகிறார் என்பதே பெரிது. ராக் இசையிலோ பெரும்பாலும் பாடுபவரும் சாகித்தியகர்த்தாவும் ஒருவரே. ஆகவே அவர் தம் இருபத்தைந்து வயதோடு ஆயுள் முழுவதும் போட்டியிட வேண்டியவராகிறார். அப்போட்டியில் தோற்றால் ஏளனம். போட்டியிட மறுத்துப் பழையதையே பாடினால் பொருட்காட்சிச் சாலைப் பொருள் என்ற பட்டம்.

இவ்விஷயத்தைப் பற்றி நம் இதழில் எழுதுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில், ஊரை விட்டு வந்து மக்களோடு தங்கியிருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அவர்களிடம், "தாத்தா, அந்தக் கிணற்றுக் கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். நூறு முறை சொன்ன கதைதான். தாத்தாவும் மகிழ்ச்சியோடு சொல்கிறார். ஆனால் இன்று காலை அவர் மனத்தில் ஓடிய எண்ணம் யாது என்று அக்குழந்தைகளும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. முதிய பாடகரை நோக்கிப் பழம்பாட்டையே பாடும்படி கூச்சலிடும் கூட்டத்திற்கும் நமக்கும் அதிக வேறுபாடு இருப்பதாகத் தோன்றவில்லை.

அக்கூட்டத்திற்குப் பணிய மறுத்தவர் பாப் டிலன். 1941-இல் பிறந்த இவர் 1997-இல் வெளியிட்ட 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்' தொகுதி, அவ்வாண்டின் சிறந்த தொகுதிக்கான கிராமி விருதை மறு வருஷம் பெற்றது. 2016-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசும் வந்தது. இடையில் சோர்வும் உண்டு. 2012-க்குப் பின் எட்டு ஆண்டுகள் சொந்தப் பாட்டுக்களைக் கொண்ட தொகுதி எதுவும் வரவில்லை. பழைய அமெரிக்க மெல்லிசைப் பாட்டுக்களையே மூன்று தொகுதிகளாகப் பாடிப் பதிவு செய்தார். அவ்வளவுதான் என்று பலர் எண்ணியிருந்த வேளையில், 2020-இல், தமது 79-ஆம் வயதில் 'ரஃப் அண்ட் ரவுடி வேஸ்' தொகுதியை வெளியிட்டார். அதில் 1963-இல் ஜனாதிபதி கென்னடி கொலையுண்டதைப் பற்றிய பாட்டு ஒன்று ஏறத்தாழ 17 நிமிஷம் நீள்கிறது. குரல் சரளைக்கல் பாதையில் வண்டி ஓடுவது போன்றது. எனினும் அந்நாட்டின் நூற்றாண்டு நினைவு முழுவதும் அதில் ஊர்வலம் செல்கிறது. இளைஞன் ஒருவனுக்கு அந்நினைவு எங்கிருந்து வரும்? பிறகு 2021 முதல் 2024 வரை நடந்த சுற்றுப்பயணத்தில் இப்புதிய பாட்டுக்களையே பெரும்பாலும் பாடினார். முணுமுணுத்தவர் முணுமுணுத்தனர், அவர் பொருட்படுத்தவில்லை.

ரோலிங் ஸ்டோன்ஸின் கதை வேறு. 2005-க்குப் பின் 18 ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில் 'ஹாக்னி டயமண்ட்ஸ்' என்னும் புதுப்பாட்டுத் தொகுதியை வெளியிட்டார்கள். 2021-இல் காலமான சார்லி வாட்ஸின் தாள வாத்தியம் அதில் இரண்டு பாட்டுக்களில் ஒலிக்கிறது. மனம் திறந்து சொல்வதானால், அதில் பாதிக்குமேல் தமக்கு வயதாகவில்லை என்று நிரூபிக்கும் முயற்சியாகவே எனக்குப் படுகிறது. தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவரைப் பார்ப்பது போன்ற உணர்ச்சி. ஆனால் கடைசிப் பாட்டு அவ்வாறன்று. அது மடி வாட்டர்ஸின் பாட்டு; 1962-இல் குழுவுக்குப் பெயர் கொடுத்ததும் அதுவே. அதில் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் இருவர் மட்டுமே. ஒரு குரல், வாயால் ஊதும் ஆர்மோனிகா, ஒரு கிதார். அங்கே அவர்கள் வயதை மறைக்கவில்லை.

மரணத்தின் நிழலே முதியவர் பாட்டுக்கு மதிப்புச் சேர்க்கிறது என்று வாதிப்பாரும் உளர். டேவிட் போவி தம் 69-ஆவது பிறந்த நாளான 2016 ஜனவரி 8-இல் 'பிளாக்ஸ்டார்' தொகுதியை வெளியிட்டு, இரண்டு நாளில் மறைந்தார். 1986-இல் பெரிய கம்பெனியால் கைவிடப்பட்ட ஜானி காஷ், 2002-இல் எழுபது வயதில் 'ஹர்ட்' என்னும் பாட்டைப் பாடி, மறு வருஷம் காலமானார். அப்பாட்டை எழுதியவர் டிரென்ட் ரெஸ்னர் என்ற இளைஞர். காஷ் பாடியதைக் கேட்டபின், அது இனித் தம்முடையதன்று என்று அவரே ஒப்புக்கொண்டார். சாவு அருகிலிருந்ததால் மட்டும் அவ்வாறு சொல்லியிருப்பாரா? எழுதிய இளைஞருக்குக் கற்பனையாக இருந்தது, பாடிய முதியவருக்கு அனுபவமாக இருந்தது.

லியோனார்ட் கோஹனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1934-இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் பிறந்து, முதலில் கவிஞராகவும் நாவலாசிரியராகவும் விளங்கி, 33-ஆம் வயதில்தான் முதல் இசைத்தட்டை வெளியிட்டவர். அறுபதை நெருங்கியபோது பாட்டை நிறுத்திவிட்டுக் கலிபோர்னியாவில் மலைமீதுள்ள ஜென் மடத்தில் ஐந்தாண்டு தங்கினார். பின்னர் 1999-இல் மும்பைக்கு வந்தார். வங்கித் தலைவராயிருந்து ஓய்வு பெற்று அத்வைதம் போதித்த ரமேஷ் பால்சேகரின் வீட்டிற்குச் சென்று கேட்டு வந்தார். மனத்தை நெடுங்காலம் வாட்டிய சோர்வு அதன்பின் தணிந்ததாக அவரே கூறியிருக்கிறார்.

ஊர் திரும்பிய சில வருஷங்களில் ஓய்வுக்கென்று சேர்த்த பணம் களவு போயிற்று என்பதை அறிந்தார். 2008-இல், 73-ஆம் வயதில், மீண்டும் மேடையேற நேர்ந்தது. பிழைப்புக்காகப் புறப்பட்டவர்தாம், ஆயினும் 2012, 2014, 2016 ஆகிய ஆண்டுகளில் மூன்று புதிய தொகுதிகள் பிறந்தன. கடைசித் தொகுதியான 'யூ வாண்ட் இட் டார்க்கர்' பதிவானபோது முதுகெலும்பு நோயால் அவரால் நடமாட இயலவில்லை. வீட்டிலேயே நோயாளி நாற்காலியில் அமர்ந்து பாடினார். மகன் ஆடம் பதிவு வேலைகளைக் கவனித்தார். சிறுவனாயிருந்தபோது குடும்பத்தோடு சென்ற யூதர் கோவிலின் பாடகர் குழுவே அதில் உடன் பாடியது. குரல் பேச்சாகவே சுருங்கியிருந்தது. மேல் ஸ்தாயி போய்விட்டதால் பாட்டைத் தம் கீழ்க்குரலுக்கு ஏற்பவே எழுதினார், இல்லாததற்கு ஏங்கவில்லை.

அக்டோபர் 21-இல் தொகுதி வெளிவந்தது. நவம்பர் 7-இல் அவர் மறைந்தார். எஞ்சியிருந்த குரற்பதிவுகளுக்கு ஆடம் இசை சேர்த்து 2019-இல் மேலும் ஒரு தொகுதியை வெளியிட்டார். தகப்பனார் அந்நாற்காலியில் அமர்ந்து கடைசியாக நினைத்தவை அதில் இருக்கின்றன.