துப்புரவு ஒப்பந்தம் பிடிக்கும் முன்

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு கோலார் தங்கவயலில் பல குடும்பங்களின் பிழைப்பு பெங்களூரு ரயிலை நம்பியே நடக்கிறது. மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி, அலுவலகங்களில் ஹவுஸ்கீப்பிங் பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். அந்த அனுபவத்தோடு நாலு பேர் சேர்ந்து சொந்தமாக ஒப்பந்தம் பிடிக்க நினைப்பது நல்ல முடிவுதான். ஆனால் புதிதாகத் தொழில் தொடங்குபவர், வருகிற வேலை எதையும் விடக்கூடாது என்ற அவசரத்தில் இருப்பார். ஏமாற்றுபவர்களுக்கு அந்த அவசரம் நன்றாகத் தெரியும்.

உங்கள் எண்ணை இணையத்தில் போட்டதும் "ராணுவ அதிகாரி பேசுகிறேன்" என்று ஒருவர் அழைக்கலாம். சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் ஒத்துக்கொள்வார். முன்பணம் தருவதாகச் சொல்லி க்யூ.ஆர். குறியீடு அனுப்பி, ஸ்கேன் செய்து யு.பி.ஐ. பின் (PIN) எண்ணைப் போடச் சொல்வார். பணம் வாங்க அந்த எண் தேவையே இல்லை. போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். அப்படிப் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

வேலையை முடித்தபின் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று இழுத்தடிக்கும் அலுவலகங்களும் உண்டு. இதற்கு மருந்து 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். அரசின் உத்யம் பதிவுத் தளத்தில் ஆதாரை வைத்து இலவசமாகப் பதிவு செய்யலாம். அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். பதிவு செய்த குறுந்தொழிலுக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் கெடு 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி சேரும். மாநில வசதிக் குழுமத்தில் முறையிடலாம். வேலை பிடிக்கும் முன்பே பதிவை முடித்துவிடுங்கள். வேலையின் விவரம், தொகை, தேதி ஆகியவற்றை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து, வீட்டைச் சுத்தம் செய்ய அழைத்தவர் போகிறபோக்கில் கேட்கும் அந்த ஒரு கேள்வி: "செப்டிக் டேங்கையும் பார்த்துடுறீங்களா? தனியா காசு தர்றேன்." இதற்கு எந்தத் தொகைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூடிய தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு ஏறினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்குபவர் நிமிடங்களில் சாய்வார். காப்பாற்ற இறங்குபவரும் அதே இடத்தில் விழுவார். பல சாவுகள் இப்படித்தான் ஜோடியாக நடக்கின்றன.

கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சாக்கடையையோ கழிவுத் தொட்டியையோ சுத்தம் செய்ய வைப்பதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தத் தடை வீட்டுக்காரரை மட்டுமல்ல, ஆளை அனுப்பும் ஒப்பந்தக்காரரையும் பிடிக்கும். அதாவது, தொழில் தொடங்கிய உங்களையே. தொட்டிக்கு உறிஞ்சும் லாரியைத்தான் அழைக்க வேண்டும். 14420 உதவி எண் அதற்காகவே இருக்கிறது.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் தங்கவயலின் வரலாறும் இருக்கிறது. சுரங்கக் குடியிருப்புகளின் உலர் கழிப்பிடங்களில் மனிதர்களே மலம் அள்ளினார்கள். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் இங்கே பிறந்தவர்தான் பெஜவாடா வில்சன். அவர் இங்கே தொடங்கிய போராட்டம் சஃபாயி கர்மசாரி ஆந்தோலனாக நாடெங்கும் வளர்ந்தது. 2016-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அந்த இயக்கம் தொடுத்த வழக்கில்தான் 2014-இல் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் அந்தத் தொகை முப்பது லட்சமானது. நிரந்தர ஊனத்துக்கு இருபது லட்சம்.

உங்கள் ஆளை யாராவது வற்புறுத்தி இறக்கினால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்; நகல் மாவட்ட ஆட்சியருக்கும் போகட்டும். இது ஜாமீனில் விட முடியாத குற்றம். வழக்குப் பதிய காவல் துறைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.